அம்மாவின்ர விசிட் விசா மறுத்திட்டினம் – திரும்பப் போடுறதா, சூப்பர் விசாவா?

கரவெட்டிப்பெட்டை (மார்க்கம்) – ஓகஸ்ட் 18

வணக்கம். ரெண்டு வருசமா வாசிச்சுப்போட்டுப் போறனானே தவிர எழுதினதில்லை. இண்டைக்கு வேற வழி தெரியேல்ல.

ஜனவரி கடைசியில எனக்குப் பிள்ளை பிறக்க இருக்கு. முதல் பிள்ளை. இவற்ர தாய் தேப்பன் ரெண்டுபேரும் இல்லை, இஞ்ச எங்களுக்கெண்டு பெரிசாச் சொந்தமும் இல்லை. அம்மாவைக் கூப்பிடுவம் எண்டு யாழ்ப்பாணத்தில ஒரு ஏஜென்சியிட்டக் குடுத்து மே மாதம் விசிட் விசா போட்டம். அம்மாவுக்கு 63 வயசு. கரவெட்டியில தனிய இருக்கிறா. அப்பா 2017இல மோசம் போனவர். நான் ஒரே பிள்ளை. கொழும்புக்கு இரவு பஸ்ஸில போய்க் கைரேகை குடுத்திட்டு அண்டைக்கு இரவே பஸ் ஏறி வந்தவ. போன வியாழக்கிழமை மறுப்புக் கடிதம் வந்திட்டுது.

தங்கிற காலம் முடிய கனடாவை விட்டு வெளிக்கிடுவா எண்டு அதிகாரிக்கு நம்பிக்கை இல்லையாம். கனடாவில நெருங்கின குடும்பம் இருக்காம், வாற நோக்கம் தற்காலிகமாத் தங்கிறதுக்குப் பொருந்தேல்லையாம், சொத்தும் பண நிலைமையும் காணாதாம்.

காசு காணாதெண்டதுதான் எனக்கு விளங்கவே இல்லை. என்ர வேலைக் கடிதம், இவற்ர வேலைக் கடிதம், ரெண்டுபேற்ர சம்பளத் துண்டுகள், வரி மதிப்பீட்டுப் பத்திரம், வீட்டு உறுதி, வங்கிக் கடிதம், நொத்தாரிசு செய்த அழைப்புக் கடிதம் எல்லாம் வைச்சது. எண்ணிப் பாத்தன், 58 பக்கம். இதுக்குமேல என்ன குடுக்கிறது?

திரும்பப் போடுறதா, சூப்பர் விசாவுக்குப் போறதா, லோயரைப் பிடிச்சு வழக்குப் போடுறதா? ஆராவது சொல்லுங்கோ.


ஸ்காபரோசிவா – ஓகஸ்ட் 18

தங்கச்சி, முதல்ல அழாமல் இருங்கோ. வயித்தில பிள்ளையோட இதுக்குப் போய் மனசை உடைக்காதேங்கோ.

என்ர கதை எண்டால் சூப்பர் விசாதான், பிள்ளையளைப் பாக்க வாற தாய் தேப்பனுக்கெண்டு இருக்கிற விசா. மாமிக்கு அதிலதான் எடுத்தது. ஒருக்கா வந்தால் அஞ்சு வருசம் வரைக்கும் நிக்கலாம், முந்தி ரெண்டு வருசம்தான், 2022 யூலையில மாத்தினவை. விசிட் விசாவில வந்தால் ஆறு மாதம், பிறகு நீட்டிப்புக்கு எழுதிக்கொண்டு திரியவேணும். இன்சூரன்ஸ் கட்டவேணும், மெடிக்கல் செய்யவேணும், உங்கட ரெண்டுபேற்ர வருமானம் அவை சொல்லுற அளவுக்கு மேல இருக்கவேணும். அவ்வளவுதான்.


நெல்லியடியான் – ஓகஸ்ட் 18

எல்லாம் லக்கு. எங்கட அம்மாவுக்கு மூண்டு தரம் மறுத்தவங்கள். ஒழுங்கைக்கு அங்கால இருக்கிற மனிசி ஒரு வங்கிப் புத்தகத்தோட போட்டுது, ஒரே தரத்தில கிடைச்சுது. இதில நியாயம் தேடாதேங்கோ.


படிவக்காரர் – ஓகஸ்ட் 19

கரவெட்டிப் பிள்ளைக்கு ஒரு கேள்வி. 58 பக்கத்தில் உங்களைப் பற்றியது எத்தனை பக்கம், அம்மாவைப் பற்றியது எத்தனை பக்கம்? எண்ணிப் பார்த்துச் சொல்லுங்கள். மிச்சத்தைப் பிறகு கதைப்போம்.


கரவெட்டிப்பெட்டை – ஓகஸ்ட் 19

எண்ணினன் ஐயா. எங்கட பக்கம் 51. அம்மாவின்ரது ஏழு. அந்த ஏழும் பாஸ்போட், பிறப்புச் சான்றிதழ், அதின்ர மொழிபெயர்ப்பு, அப்பாவின்ர இறப்புச் சான்றிதழ், பிறகு வங்கிக் கணக்குப் பக்கங்கள். அந்தக் கணக்கில 15 லட்சம் ரூபா இருக்கு. ஏஜென்சிக்காரர் கணக்கில காசு காட்டவேணும் எண்டு சொல்ல நாங்கள்தான் ஏப்ரல் மாதம் அனுப்பிப் போட்டது.


படிவக்காரர் – ஓகஸ்ட் 19

நன்றி. இப்போது கடிதத்தைத் திரும்ப வாசியுங்கள். 'காசு காணாது' என்று எழுதியிருப்பது உங்கள் காசைப் பற்றி அல்ல.

அதிகாரி பார்க்கிறது குடிவரவு ஒழுங்குவிதியின் 179ஆம் பிரிவு, அதில் (ஆ) பந்தி. வருகிறவர் காலம் முடியத் திரும்பிப் போவாரா? ஏறக்குறைய கேள்வி முழுவதும் அதுதான். மகளுக்குப் பெரிய வீடும் நல்ல சம்பளமும் இருக்கிறது என்று 51 பக்கம் காட்டினால் அதிலிருந்து அவர் என்ன விளங்குவார்? தாய் வந்து நிற்க வசதியான இடம் இருக்கிறது என்றுதான். திரும்பிப் போக அந்தத் தாய்க்கு என்ன இருக்கிறது என்பதற்கு உங்கள் பத்திரக் கட்டில் ஒரு வரியும் இல்லை. அதற்குள், மாதம் முழுக்க ஆயிரக்கணக்கில் ஓடுகிற கணக்கில் திடீரென்று 15 லட்சம். அது எங்கிருந்து வந்தது என்று ஒரு விளக்கமும் இல்லை. இரவல் நகை போட்டுப் பெண் பார்க்க இருத்தின மாதிரி.

ஒரு விசயம். 2025 யூலை கடைசியிலிருந்து சில மறுப்புக் கடிதங்களோடு அதிகாரி எழுதின குறிப்பையும் சேர்த்து அனுப்புகிறார்கள். உங்களுடையதில் இருக்கிறதா என்று கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். இல்லாவிட்டால் தகவல் அறியும் சட்டத்தில் கோப்புக் குறிப்பு கேட்கலாம். 5 டொலர். கனடாவில் இருக்கிறவர்தான் கேட்கலாம், அம்மா சம்மதக் கையெழுத்து வைக்கவேண்டும்.

வழக்கு விசயம்: வெளிநாட்டு விசா மறுப்புக்கு பெடரல் நீதிமன்றத்தில் 60 நாளுக்குள் அனுமதி கேட்கவேண்டும். வென்றாலும் நீதிபதி விசா தருவதில்லை, இன்னொரு அதிகாரி திரும்பப் பார்க்கட்டும் என்று அனுப்புவார். இந்தக் கட்டை இன்னொருவர் பார்த்தாலும் என்ன சொல்வார் என்று நினைக்கிறீர்கள்? லோயருக்குக் கொடுக்கிற காசை மிச்சம்பிடியுங்கள்.


ஸ்காபரோசிவா – ஓகஸ்ட் 19

அப்ப நொத்தாரிசு செய்ததும் வீணா? நானும் செய்தனான்.


படிவக்காரர் – ஓகஸ்ட் 19

அழைப்புக் கடிதத்துக்கு நொத்தாரிசு பொதுவாகத் தேவையில்லை. யார் வருகிறார், உங்களுக்கு என்ன முறை, ஏன் வருகிறார், எவ்வளவு நாள், எங்கே தங்குவார், செலவு யார், எப்போது திரும்புவார், உங்கள் வீட்டில் எத்தனை பேர் — இவ்வளவும் தெளிவாக இருந்தால் காணும். முத்திரை குத்தினால் பொய் உண்மையாகாது, உண்மை பெரிய உண்மையாகவும் ஆகாது.


கரவெட்டிப்பெட்டை – ஓகஸ்ட் 20

ஐயா, கடைசிப் பக்கத்தில குறிப்பு இருக்கு!! நான் பாக்கவே இல்லை, அது ஏதோ பொதுவான அறிவித்தல் எண்டு நினைச்சன். சுருக்கமாச் சொன்னால்: கணவரை இழந்தவர், ஒரே மகள் கனடாவில, வேலை இல்லை, சொந்த வருமானத்துக்கு அத்தாட்சி இல்லை, பெரிய வைப்பொன்றுக்கு மூலம் காட்டப்படவில்லை, முந்தைய வெளிநாட்டுப் பயணம் ஒன்றும் இல்லை.

வாசிக்கேக்க என்ர அம்மாவைப் பற்றி எழுதின மாதிரியே இல்லை. ஆரோ ஒரு நாதியத்த மனிசியைப் பற்றி எழுதின மாதிரி இருந்தது.

ஆனா 'பயணம் இல்லை' எண்டது பிழை. அம்மா 2023இல ஆனி உத்தரத்துக்குச் சிதம்பரம் போனவ. பலாலியில இருந்து சென்னைக்கு பிளேன் திரும்ப ஓடத் தொடங்கினாப் பிறகு கோயில் ஆக்களோட போய் 12 நாளில வந்தவ. அது பழைய பாஸ்போட்டில இருக்கு. ஏஜென்சி புதுசை மட்டும்தான் ஸ்கான் பண்ணினது.


மல்லிகா_பிராம்ப்டன் – ஆகஸ்ட் 20

பழைய பாஸ்போர்ட்டை வைக்காம விட்டது ரொம்பத் தப்புங்க. போயிட்டு ஒழுங்கா திரும்பி வந்திருக்காங்கன்னு காட்ட அதைவிட வேற என்ன வேணும்! நாங்க மதுரைலேர்ந்து அம்மாவுக்குப் போட்டப்போ, அவங்க சிங்கப்பூர்ல அண்ணன் வீட்டுக்குப் போயிட்டு வந்த ஸ்டாம்ப் எல்லாத்தையும் ஒரே பக்கத்துல தேதியோட வரிசையா எழுதி, பின்னாடி நகல் வெச்சோம்.

இன்னொண்ணு கேக்கணும். குழந்தை பிறக்கப்போறதை லெட்டர்ல எழுதினீங்களா இல்லையா?


கரவெட்டிப்பெட்டை – ஓகஸ்ட் 20

இல்லை அக்கா. ஏஜென்சி எழுதவேண்டாம் எண்டது. பிள்ளை பாக்க வாறதெண்டால் அது வேலைக்கு வாற மாதிரி எடுப்பினமாம். 'சுற்றிப் பார்க்க' எண்டு போட்டிருக்கு. நயாகரா, சி.என். கோபுரம் எண்டெல்லாம்.


ஸ்காபரோசிவா – ஓகஸ்ட் 20

அதைத்தான் நானும் சொல்லுவன். பிள்ளைப்பேறு எண்டு எழுதினால் மனிசி பிள்ளையை வளத்து முடிக்குமட்டும் போகாது எண்டு நினைப்பாங்கள். மறைக்கிறது நல்லம்.


மல்லிகா_பிராம்ப்டன் – ஆகஸ்ட் 20

சிவா அண்ணா, கோச்சுக்காதீங்க, நான் ஒத்துக்க மாட்டேன். எது வேலை, எது வேலை இல்லைன்னு கனடா குடிவரவுத் துறையே அதிகாரிகளுக்கு எழுதி வெச்சிருக்கு. வேலை இல்லைன்னு அதுல சொல்ற உதாரணமே, மகளுக்குக் குழந்தை பார்த்துக்க உதவற அம்மாதான்! சம்பளம் இல்லாம, குடும்பத்துக்குள்ள, விசிட்ல இருக்கும்போது. நான் அதைக் கண்ணால படிச்சிட்டுத்தான் எங்க லெட்டர்ல தைரியமா எழுதினேன்.

யோசிச்சுப் பாருங்க. 63 வயசு அம்மா, ஜனவரி குளிர்ல, நயாகரா பாக்க வர்றாங்கன்னா யார் நம்புவா? நயாகராவே பாதி உறைஞ்சு கெடக்கும். உண்மையான காரணம் கையில இருக்கும்போது எதுக்குப் பொய்யான காரணம்?


படிவக்காரர் – ஓகஸ்ட் 21

மல்லிகா சொன்னதுதான் சரி. 'நோக்கம் பொருந்தவில்லை' என்ற வரி அந்த நயாகராவால் வந்தது என்று நான் பந்தயம் கட்டுவேன். குழந்தை பிறக்கிற திகதி போட்டு வைத்தியர் ஒரு கடிதம் தருவார், அதை வையுங்கள். பிரசவத்துக்கு ஒரு தொடக்கமும் முடிவும் உண்டு, சுற்றிப் பார்க்கிறதுக்கு இல்லை.

பிள்ளை, இன்னும் ஒன்று. விண்ணப்பப் படிவத்தின் பிரதி உங்களிடம் இருக்கிறதா? ஐ.எம்.எம். 5257. அதில் 'முன்பு எந்த நாடாவது விசா மறுத்ததா' என்று ஒரு கேள்வி வரும். ஏஜென்சி என்ன போட்டது? அம்மாவிடமும் நேரே கேளுங்கள்.


கரவெட்டிப்பெட்டை – ஓகஸ்ட் 23

மூண்டு நாளா எழுதேல்ல. ஐயா கேட்ட கேள்விதான் காரணம்.

படிவத்தில 'இல்லை' எண்டு போட்டிருக்கு. அம்மாவிட்டக் கேட்டன். போனில கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு சொல்லுறா, 2014இல மாமான்ர கலியாணத்துக்கு சுவிஸ் போக விசா போட்டு மறுத்தவையாம். எனக்கு அப்ப ஏ.எல். சோதினை, ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்ல. ஏஜென்சிக்காரருக்குச் சொன்னவவாம். 'அது பழைய கதையம்மா, விடுங்கோ' எண்டவராம் அவர்.

இது பெரிய பிரச்சினையா? கைகால் பதறுது.


படிவக்காரர் – ஓகஸ்ட் 23

பதறவேண்டாம். ஆனால் சின்ன விசயமும் இல்லை.

பொய்த் தகவல் கொடுத்ததாக முடிவெடுத்தால் குடிவரவுச் சட்டத்தின் 40ஆம் பிரிவில் ஐந்து வருடம் தடை. படிவத்தை யார் நிரப்பினாலும் கையெழுத்து அம்மாவுடையது. 'ஏஜென்சி செய்தது' என்பது பொதுவாக எடுபடாது. முதல் மறுப்பு இந்தக் காரணத்துக்காக வரவில்லை என்பது உங்கள் அதிர்ஷ்டம்.

அடுத்த தரம் 'ஆம்' என்று போடுங்கள். சுவிஸ் மறுப்பு, இந்த மறுப்பு, இரண்டையும் வருடத்தோடு எழுதுங்கள். தனிக் கடிதத்தில் நாலு வரி: முன்னைய படிவத்தில் இந்தக் கேள்விக்குத் தவறான விடை போனது, நிரப்பியவர் இன்னார், நாங்கள் சரிபார்க்காமல் கையெழுத்திட்டது எங்கள் பிழை, இப்போது திருத்துகிறோம். குழைந்து எழுதவேண்டாம். அந்த மாமா குடும்பப் படிவம் 5645இல் இருக்கிறாரா?


கரவெட்டிப்பெட்டை – ஓகஸ்ட் 23

இல்லை. சகோதரங்கள் எண்ட இடம் வெறுமையா இருக்கு. அம்மாவோட பிறந்தவை நாலு பேர்!


நெல்லியடியான் – ஓகஸ்ட் 23

இதை வாசிக்கத்தான் எங்கட அம்மாவின்ர மூண்டு மறுப்புக்கும் படிவம் எடுத்து வைச்சிருக்கிறனா எண்டு தேடினன். ஒண்டும் இல்லை. எல்லாம் படிவம் நிரப்பித் தந்த அண்ணையிட்டத்தான் இருக்கு. போன் பண்ணினால் எடுக்கிறாரில்லை.


படிவக்காரர் – ஓகஸ்ட் 24

நெல்லியடியாருக்கு: காசு வாங்கிக்கொண்டு கனடா விண்ணப்பம் செய்கிறவர் லோயராகவோ, குடிவரவு ஆலோசகர் கல்லூரியில் பதிந்த ஆலோசகராகவோ இருக்கவேண்டும். 5476 படிவத்தில் அவர் பெயர் போகவேண்டும். பெயரைப் போட விரும்பாதவர் ஏன் விரும்பவில்லை என்று கேளுங்கள். உங்கள் கோப்பையும் அதே 5 டொலருக்கு எடுக்கலாம்.

கரவெட்டிப் பிள்ளைக்கு வீட்டுவேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு ஆறுதலாகக் கதையுங்கள். விசாவைப் பற்றி அல்ல. காலையில் எழும்பி இரவு படுக்குமட்டும் என்ன செய்கிறா, மாதத்தில் எங்கே போகிறா, யாருக்குக் காசு கொடுக்கிறா, யாரிடம் வாங்குகிறா. எழுதி எடுங்கள். அதில் எதற்குத் துண்டு இருக்கிறது என்று பிறகு பார்ப்போம்.


கரவெட்டிப்பெட்டை – செப்டெம்பர் 1

கதைச்சன். ரெண்டரை மணித்தியாலம். வீடியோவில.

நான் ஒவ்வொரு நாளும் அம்மாவோட கதைக்கிறனான் தெரியுமோ. சாப்பிட்டியா, மருந்து போட்டியா, அங்க மழையா. ஏழு வருசமா இதைத்தான் கதைச்சிருக்கிறம் எண்டு அண்டைக்குத்தான் விளங்கினது.

முதல்ல 'என்னட்ட என்ன பிள்ளை இருக்கு, சும்மா இருக்கிறன்' எண்டா. பிறகு அலுமாரிக்கு மேல இருந்து ஒரு கொப்பியை எடுத்துக் கொண்டுவந்து கமராவுக்கு முன்னால பிடிச்சா. நீலமட்டை போட்ட கணக்குக் கொப்பி. ஒவ்வொரு பக்கத்திலயும் நடுவில கோடு, இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு. அப்பா தபால் கந்தோரில கணக்கு எழுதின மாதிரியே.

அதுக்குள்ள இருந்து நான் எடுத்தது:

அப்பாவின்ர விதவைகள் ஓய்வூதியம் மாதாமாதம் வருது. அது வேற வங்கியில, வேற புத்தகத்தில. 'அதில மிச்சம் குறைவு, காட்டினால் வெக்கக்கேடு' எண்டு ஏஜென்சிக்காரர் திருப்பிக் குடுத்தவராம். வருசா வருசம் கிராம சேவகரிட்டக் கையெழுத்து வாங்கி உயிரோட இருக்கிறன் எண்டு பத்திரம் குடுக்கவேணும், இல்லாட்டி ஓய்வூதியம் நிண்டிடும்.

துன்னாலைப் பக்கம் 12 பரப்பு வயல் குத்தகைக்குக் குடுத்திருக்கிறா. உறுதி அம்மாவின்ர பேரில. நான் அது சித்தப்பான்ரது எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தனான்.

மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கு மூண்டு வருசமாப் பொருளாளர்.

84 வயசுப் பெரியம்மா படுக்கையில. ரெண்டு வீடு தள்ளி. காலமையும் பின்னேரமும் அம்மாதான் போய்க் கஞ்சி பருக்கிறது. கொழும்புக்குக் கைரேகைக்கு ஒரு பகல்தான் நிண்டவ எண்டு எழுதினனே, அதுக்கும் இதுதான் காரணம். நான் கேக்கவுமில்லை, அவ சொல்லவுமில்லை.

பிறகு கோயில். வைகாசித் திருவிழாவில ஏழாம் நாள் எங்கட உபயம். அப்பா செத்தாப் பிறகும் அம்மா விடேல்ல. ரசீதெல்லாம் ஒரு சட்டைப்பின்னில கோத்து வைச்சிருக்கிறா, 2009இல இருந்து.

'அப்ப நீ வந்தால் பெரியம்மாவை ஆர் பாக்கிறது?' எண்டு கேட்டன். 'அதுதான் பிள்ளை நானும் யோசிக்கிறன், மூண்டு நாலு மாதத்துக்கு மேல என்னால அங்க நிக்கேலாது, கோவிக்காதை' எண்டா. நான் மனசுக்குள்ள ஒரு வருசம் எண்டு கணக்குப் போட்டுக்கொண்டு இருந்தனான்.


மல்லிகா_பிராம்ப்டன் – செப்டம்பர் 1

படிச்சிட்டு எங்க அம்மாவுக்குப் போன் போட்டேங்க. அங்க ராத்திரி ரெண்டு மணி. திட்டு வாங்கினேன்.


படிவக்காரர் – செப்டெம்பர் 2

மாதம் மாதம் வருகிற ஓய்வூதியப் புத்தகத்தை விட்டுவிட்டு 15 லட்சத்தைக் காட்டினவரைப் பற்றி எழுதினால் எனக்கு இரத்த அழுத்தம் ஏறும். அந்தப் புத்தகம்தான் உங்கள் கட்டில் முதல் தாள். ஆறு மாதத்துக் கணக்கு எடுங்கள். 15 லட்சத்தை மறைக்கவேண்டாம், பயணச் செலவுக்கு மகள் அனுப்பியது என்று அனுப்பிய ரசீதோடு சொல்லுங்கள்.

வயல் உறுதி, குத்தகை எழுத்து, சங்கத்துக் கடிதம், பெரியம்மாவின் வைத்தியசாலைத் துண்டு, அம்மா இல்லாத நாளில் யார் பார்ப்பார் என்று ஒரு வரி. தமிழில், சிங்களத்தில் உள்ளவற்றுக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலம்.

சிவா சொன்ன சூப்பர் விசா பிழையில்லை. ஆனால் அம்மாவே நாலு மாதம் என்கிறா. ஒரு வருடத்துக்கு ஒரு லட்சம் டொலர் செலவைத் தாங்குகிற காப்புறுதி, மருத்துவப் பரிசோதனை, வருமானக் கணக்கு, இதெல்லாம் நாலு மாதத்துக்குத் தேவையா? 'அஞ்சு வருடம்' என்று எழுதின விசாவுக்குப் போட்டு 'நாலு மாதத்தில் போவேன்' என்றால் அதுவும் ஒத்துவராது. பெரியம்மா இல்லாத காலம் வரும்போது அதை யோசியுங்கள்.


ஸ்காபரோசிவா – செப்டெம்பர் 2

ஓம், அது நியாயம்தான். ஆனா கோயில் ரசீதை மட்டும் வைக்காதேங்கோ தங்கச்சி. ஏழாம் திருவிழா எண்டால் வெள்ளைக்காரனுக்கு என்ன விளங்கும்? சிரிப்பாங்கள்.


நெல்லியடியான் – செப்டெம்பர் 2

அந்தக் கந்தோரில இருக்கிறவர் வெள்ளைக்காரர் எண்டு ஆர் சொன்னது? பஞ்சாபியா இருக்கலாம், பிலிப்பினோவா இருக்கலாம். அவைக்கும் ஊரில ஒரு கோயில், ஒரு சேர்ச் இருக்கும்தானே.


படிவக்காரர் – செப்டெம்பர் 2

கோயில் நிர்வாகத்திடம் கடிதம் வாங்கவேண்டாம், அது கேட்டு வாங்கின கடிதம் மாதிரியே இருக்கும். ரசீது வேறு. யாரும் விசாவுக்காக 2009இல் ரசீது எழுதி வைப்பதில்லை. ஒன்றிரண்டை மட்டும் மொழிபெயர்த்து வையுங்கள். அம்மா தன் கடிதத்தில் இரண்டு வரியில் சொல்லட்டும். அம்மாவின் கடிதத்தை அம்மாவே தமிழில் எழுதவேண்டும், நீங்கள் அல்ல.


கரவெட்டிப்பெட்டை – செப்டெம்பர் 14

அம்மாவின்ர கடிதம் வந்தது. ஒரு பக்கம். வட்ஸ்அப்பில படமா அனுப்பினவ. மூண்டாவது பந்தி இது, அப்படியே போடுறன்:

'எனது மகளின் பிரசவம் தை மாத முடிவில். பிள்ளை பிறந்து 31ஆம் நாள் துடக்குக் கழிவு முடிந்து, மகள் தானாக எழும்பி நடமாடும் வரையில் நான் அவருடன் நிற்க விரும்புகிறேன். சித்திரை கழிந்து நான் ஊர் திரும்புவேன். வைகாசியில் எங்கள் கோயிலில் ஏழாம் திருவிழா எனது கணவரின் குடும்ப உபயம். அதை நான் இதுவரை தவறவிட்டதில்லை.'

இவர் வாசிச்சிட்டு, 'நான் அதிகாரி எண்டால் இதோட விசா குடுத்திடுவன்' எண்டார். இவர் அதிகாரி இல்லையே.

இந்த முறை நானே இணையத்தில கணக்குத் திறந்து போட்டன். 100 டொலர். கைரேகை பத்து வருசத்துக்குச் செல்லுமாம், அதால 85 டொலரும் இல்லை, கொழும்புப் பயணமும் இல்லை. மொத்தம் 34 பக்கம், எங்கட பக்கம் 9.


தாவடித்தம்பி – செப்டெம்பர் 20

இடையில வாறதுக்கு மன்னிக்கவேணும். எங்கட அப்பாவின்ர பேர் பிறப்புச் சான்றிதழில ஒரு மாதிரி, பாஸ்போட்டில ஒரு மாதிரி ஆங்கிலத்தில எழுதியிருக்கு. 'பாக்கியநாதன்'இல ஒண்டில ஒரு 'கே', மற்றதில 'சி'யும் 'கே'யும். இதுக்கு மறுப்பினமா?


படிவக்காரர் – செப்டெம்பர் 20

எங்கள் ஆட்களில் பாதிப்பேருக்கு இது இருக்கிறது தம்பி. விண்ணப்பத்தில் பாஸ்போட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து. மற்ற எழுத்துக்களை 'வேறு பெயர்கள்' என்ற இடத்தில் போட்டுவிடுங்கள். இரண்டும் ஒரே ஆள் என்று ஒரு சத்தியக் கடதாசி இருந்தால் நல்லது. புதுப் பாஸ்போட் எடுக்கிற எண்ணம் இருந்தால் யாழ்ப்பாணத்திலேயே கந்தோர் திறந்தாகிவிட்டது, பத்தரமுல்லைக்கு அலையவேண்டாம்.


கரவெட்டிப்பெட்டை – நவம்பர் 19

வந்திட்டுது!!!!

காலமை நாலு மணிக்கு மின்னஞ்சல். பாஸ்போட்டை அனுப்பச் சொல்லி. இவரை எழுப்பினன், அம்மாவுக்கு எடுத்தன், அம்மா பெரியம்மா வீட்டில நிண்டவ. 'அப்பிடியே, சரி, கஞ்சி ஆறுது, பிறகு எடுக்கிறன்' எண்டு வைச்சிட்டா.


மல்லிகா_பிராம்ப்டன் – நவம்பர் 19

எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. அம்மாவுக்கு விசிட்டர் இன்சூரன்ஸ் மட்டும் மறந்துடாதீங்க. விசிட் விசாவுக்குக் கட்டாயம் இல்லதான், ஆனா ஒன்டாரியோ ஹெல்த் கார்டு அவங்களுக்கு வராது. ஒரு ராத்திரி எமர்ஜென்சிக்குப் போனா பில்லைப் பார்த்து நமக்கு நெஞ்சு வலி வரும். பிரஷர், சுகர் மாத்திரை சாப்பிடறாங்கன்னா, மாத்திரை அளவு சமீபத்துல மாறலைன்னு இருக்கணும், அந்த ஷரத்தைப் படிச்சிட்டு வாங்குங்க.


ஸ்காபரோசிவா – நவம்பர் 19

வாழ்த்துக்கள் தங்கச்சி! ரிக்கற் போடேக்க அமெரிக்கா ஊடாப் போடாதேங்கோ, மலிவெண்டு ஆசைப்பட்டு. இறங்கி ஏறவே அமெரிக்க விசா வேணும். டோகா, துபாய் நல்லம். சக்கர நாற்காலி எண்டு சொல்லிப் போடுங்கோ, நடக்க ஏலாட்டித்தான் எண்டில்லை, பாதை காட்ட ஆள் வரும்.


கரவெட்டிப்பெட்டை – டிசம்பர் 9

பாஸ்போட் திரும்பி வந்திட்டுது. ஒரு வருசத்துக்குத்தான் விசா. சிவா அண்ணையின்ர மாமிக்குப் பாஸ்போட் முடியுமட்டும் குடுத்தவையெல்லோ?

அம்மா சரக்குத்தூள், ஒடியல் மா, கருவாடு, முருங்கையிலை எண்டு பட்டியல் போடுறா. என்னத்தை விடுவினம்?


படிவக்காரர் – டிசம்பர் 9

2024 நவம்பரிலிருந்து நீண்ட கால விசா வழமை இல்லை, அதிகாரி நினைத்தபடி. ஒரு வருடம் போதும். விசாவில் உள்ள திகதி உள்ளே வருவதற்கான கடைசி நாள், தங்குவதற்கான நாள் அல்ல. அதிகாரி வேறு திகதி எழுதாவிட்டால் இறங்கின நாளிலிருந்து ஆறு மாதம்.

சாமான் விசயம்: சாப்பாடு எது கொண்டுவந்தாலும் சொல்லவேண்டும். சொல்லிவிட்டால் ஆகக்கூடினது எடுத்து எறிவார்கள், சொல்லாவிட்டால்தான் தண்டம். பச்சை இலையை ஊரிலேயே விடச்சொல்லுங்கள்.


கரவெட்டிப்பெட்டை – ஜனவரி 7

அம்மா நேற்று வந்திட்டா.

ரெண்டு மணித்தியாலம் வாசலில நிண்டம். வெளிய வாற ஒவ்வொரு சக்கர நாற்காலியையும் எட்டிப் பாத்துக்கொண்டு. கடைசியில நடந்து வாறா, சக்கர நாற்காலி பின்னால பையோட வருது. 'எனக்கென்ன கால் இல்லையே' எண்டு தள்ளிக்கொண்டு வந்த பொடியனிட்டச் சொல்லி, பையை ஏத்திப்போட்டாவாம்.

உள்ள அதிகாரி என்ன கேட்டது எண்டு கேட்டன். ஆரைப் பாக்க வந்தனீங்கள் எண்டு ஒண்டு. எவ்வளவு நாள் எண்டு ஒண்டு. ரெண்டாவதுக்கு அம்மா தமிழ்ப் பிள்ளை ஒருத்தரையும் தேடேல்ல, தன்ர இங்கிலிசில சொன்னாவாம்: 'மே மன்த். டெம்பிள். செவன்த் டே.'

அந்தப் பெடிச்சி சிரிச்சிட்டு முத்திரையைக் குத்திக் குடுத்திட்டுதாம்.


ஸ்காபரோசிவா – ஜனவரி 7

செவன்த் டே!! தங்கச்சி, நான் தோத்துப்போனன். கருவாடு தப்பினதா?


படிவக்காரர் – ஜனவரி 7

முத்திரைக்குக் கீழே கையால் திகதி ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.


கரவெட்டிப்பெட்டை – ஜனவரி 7

கருவாடு தப்பினது. திகதி ஒண்டும் எழுதேல்ல ஐயா, அப்ப யூலை வரைக்கும் நிக்கலாம். ஆனா ரிக்கற் மே 9க்கு. அம்மா பெட்டியில இருந்து முதல் வெளிய எடுத்தது என்னெண்டு நினைக்கிறீங்கள்? ஊர்க் கலண்டர். குசினிச் சுவரில ஆணி தேடிக்கொண்டு நிக்கிறா.